எண்ணெய் வாயில் கேட்ட மூச்சு

மட்டாஞ்சேரி
12-6-2024

முப்பிடாதிக்கு, சீனியம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்காமல் கடிதம் தொடங்கக்கூடாது என்று மூன்றாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்ததால் கேட்டுவிட்டேன். அதற்கு நீ பதில் எழுத வேண்டாம். செல்வலட்சுமி நலமா? அதற்குப் பதில் எழுது. உன் பெண்டாட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

உன் தொண்டையை அறுத்துக் குரலை எடுத்துவிட்டார்கள் என்று ஊர்க் கோயில் கொடைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். இல்லாவிட்டால் பேத்தி விஜியை விட்டு போன் போடச் சொல்லியிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து உனக்கு என் கையால் எழுத வேண்டும் என்று இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுச் சொந்தக்காரர் ரமேஷ்பாபு, கார் நிற்கிற ஷெட்டை இடிக்கப் போகிறார். வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு அறை கட்டப் போகிறாராம். ஓணம் கழிந்த மாதக் கடைசிக்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். "அம்மே, பழைய இரும்புக்காரனை ஞான் தன்னே கூட்டிக்கொண்டு வராம். அவன் இங்கேயே வெட்டிக் கொண்டுபோகும்" என்கிறார். வெட்டுவானாமே. கற்பகம் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எப்படி வெட்டுவான்?

உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும். என் மகள் அந்த வண்டியின் பின் சீட்டில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கவில்லை. ஆகையால் இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறாள். வண்டி ஓடி அந்த வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டி இழுத்துக்கொண்டு போவது ஆகாது. பிள்ளைத்தாய்ச்சியைக் கயிறு கட்டியா இழுப்பார்கள்?

சுள்ளிக்கல்லில் யூசுப் என்று ஒரு மெக்கானிக். அவன் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் ஒட்டும் இல்ல அம்மே. இதைக் கடைசியாகப் பிரித்தது யாரு? அவருக்கல்லே தெரியும்" என்றான். பிரித்தது நீ. பிஸ்டன் ரிங்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன் என்று அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தன்று என் வாசலில் நின்று சொன்னதும் நீ. எதை எப்படிப் போட்டாய் என்று எழுது. அவன் சரியாகத் திருப்பிப் போடுவான். அவ்வளவுதான் உன்னிடம் எனக்கு வேண்டியது.

இப்படிக்கு,
சீனியம்மாள்


சிவகிரி
24-6-2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி முப்பிடாதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. உன் எழுத்து அப்படியேதான் இருக்கிறது, பேனாவை அழுத்தியதில் பின்பக்கம் முழுக்கத் தடவினால் தெரிகிறது. செல்வலட்சுமி சுகம். முழங்கால் வலி உண்டு. உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். விஜி எப்படி இருக்கிறாள்? என்ன வேலை பார்க்கிறாள்? அவளை ஒரு வயதுக் குழந்தையாகப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா.

ஆனால் நான் சொல்வதைக் கேள். அந்த எஞ்சினைத் திறக்க வேண்டாம். கடற்கரை ஊரில் இத்தனை வருஷம் நின்ற வண்டி, உள்ளே எல்லாம் அரித்திருக்கும். யூசுப் நல்ல பையனாக இருப்பான், வீணாக அவனைக் கஷ்டப்படுத்துவானேன்? பின் சீட்டை மட்டும் கழற்றி வேறொரு வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. அவள் உட்கார்ந்தது சீட்டில்தானே. எஞ்சினை அப்படியே மூடியபடி கொடுத்துவிடு. பிரித்துப் பார்ப்பதில் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. தப்பு என் மேல்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழைக்காலம், ஈரத்தில் நிற்காதே.

தம்பி,
முப்பிடாதி


மட்டாஞ்சேரி
1-7-2024

முப்பிடாதிக்கு,

நாங்கள் சுகம். விஜி வல்லார்பாடத்தில் கண்டெய்னர் கம்பெனியில் கணினியில் பில் அடிக்கிறாள். மலையாளம் தண்ணீர் மாதிரி எழுதுவாள், தமிழ் எழுதச் சொன்னால் எறும்பு ஊர்வது மாதிரி. இது போதும் உனக்கு.

திறக்க வேண்டாமா? ஏன், உள்ளே இருக்கிற உன் வேலையைப் பார்த்து யூசுப் சிரிப்பான் என்றா? இருபத்திரண்டு வருஷம் கழித்தும் உனக்கு மானம்தான் பெரிது. சின்ன வயசிலேயே நீ அப்படித்தான். கற்பகத்துக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீராக ஒரு எவர்சில்வர் தூக்கு கொண்டுவந்தாயே, அதில் கற்பகம் பெயரா வெட்டியிருந்தது? பாக்கியலக்ஷ்மி என்று வெட்டியிருந்தது. அந்தப் பாக்கியலக்ஷ்மி யார் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. கேட்டதற்கு, கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றாய். எப்போதும் வேறு யாரோ மாற்றிவிடுவார்கள். அதனால்தான் பதினாறாம் நாள் அதையும் உன் பின்னாலேயே பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

அந்த நாளை நான் சொல்கிறேன், நீ கேள். ஆடி மூன்றாம் வெள்ளி. ஹர்த்தால். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை, படகுத்துறையில் படகும் இல்லை. வலி வந்ததும் அவள் நெற்றியில் நான்தான் திருநீறு வைத்தேன். உன் அத்தான் ஆறுச்சாமி வண்டியை எடுத்தார். தோப்பும்படி வரை பின்னால் நீலப் புகை. பாலத்து ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது, பாதியில் நின்றது. உன் அத்தான் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுகிறார், சுற்றுகிறார், மழை அவர் முதுகில் ஊற்றுகிறது. பிடிக்கவே இல்லை. நீ பிரித்துப் பூட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்றாள். கொடி பிடித்து நின்ற ஹர்த்தால்காரப் பையன்களே ஓடிப்போய் ஒரு ஜீப் கொண்டுவந்தார்கள். ஜீப் வந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அவள் பேசவில்லை. உடம்பை மட்டும்தான் ஜீப்புக்கு மாற்றினார்கள். நான் பக்கத்தில் இருந்தவள், எனக்குத் தெரியும்.

உன் அத்தான் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பானெட்டையும் திறக்கவில்லை. எஞ்சின் இறுகிவிடக் கூடாது என்று வெள்ளிக்கிழமை தோறும் முன்னால் கைப்பிடி போட்டு இரண்டு சுற்று. அவர் போன பிறகு நான். முன்பெல்லாம் கைப்பிடி எதிர்த்துத் தள்ளும், ஏமாந்தால் மணிக்கட்டை ஒடிக்கும். இப்போது கயிறு அறுந்த வாளியை இழுப்பது போல லேசாகச் சுற்றுகிறது. சுற்றும்போது உள்ளிருந்து ஒரு மூச்சு வருகிறது. கேட்கிறாயா? அவளுடைய மூச்சு. பாலத்தில் என் மடியில் விட்ட அதே மூச்சு.

சீட்டைக் கழற்று என்கிறாய். மூச்சு சீட்டிலா இருக்கிறது?

யூசுப் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் காற்றழுத்தம் அளக்கிற மீட்டரை மாட்டிப் பார்த்தான். முள் பாதிகூட ஏறவில்லை. பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பார்த்தான். முள் சட்டென்று ஏறியது. "எண்ணெய் அடைத்துப் பிடிக்கிறது, அப்போ வால்வு இல்ல, ரிங் தன்னே போயி" என்றான். பார்த்தாயா, ரிங். உன் ரிங்.

திறக்கத்தான் போகிறேன். எப்படி என்று எழுதினால் எழுது, இல்லாவிட்டால் விடு.

சீனியம்மாள்


சிவகிரி
29-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். தென்காசி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய் வந்தோம். இப்போது பரவாயில்லை. கஞ்சி இறங்குகிறது. உங்கள் இருவரின் நலத்துக்கு அய்யனார் துணை.

நீ திறக்காமல் இருக்க மாட்டாய். சரி. தப்பாகத் திறந்தால் உள்ளது அத்தனையும் பாழாகும், ஆகவே எழுதுகிறேன். யூசுப்புக்கு வாசித்துக் காட்டு.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றச் சொல். அந்த எண்ணெய் வாயில் காதை வைத்துக் கேட்டால் மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வரும். பிஸ்டனுக்கு மேலே அழுந்த வேண்டிய காற்று, தேய்ந்த ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி அந்த வழியாக வெளியே வருகிறது. ரிங் போனதற்கு அதுதான் அடையாளம். புது ரிங் சரியாக உட்கார்ந்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். இதை முதலிலேயே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன் அக்கா. யோசித்துக்கொள்.

ஹெட்டைத் தூக்கும் முன் எல்லா சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊற விட வேண்டும். அவசரப்பட்டு அடிக்கக்கூடாது. மூன்றாவது பிளக் இருக்கும் ஓட்டையில் மரை கொஞ்சம் தேய்ந்திருக்கும், நேராக வைத்துக் கையாலேயே திருகச் சொல். தண்ணீர் பம்புக்குக் கீழே ஒரு போல்ட் மற்றதைவிடக் குட்டை, அதை இடம் மாற்றிவிடக் கூடாது. சிலிண்டர் சுவரில் கீறல் ஆழமாக இருந்தால் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து ஒரு சுற்றுப் பெரிதாக்கி, அதற்கு ஏற்ற பிஸ்டனும் ரிங்கும் வாங்கட்டும். வால்வுகளையும் பசை போட்டுத் தேய்த்து உட்கார வைக்கட்டும்.

கார்புரேட்டருக்கு மேலே, காற்றை வடிகட்ட இருக்கிற ஏர் பில்டரை மட்டும் திறக்க வேண்டாம். அதன் மூடியில் நான் செம்புக் கம்பி முறுக்கிக் கட்டியிருப்பேன். கம்பியோடு அப்படியே கழற்றிக் காயல் தண்ணீரில் போட்டுவிடு. புதிதாக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளட்டும். பழையது எதற்கும் ஆகாது. இந்த ஒன்றை மட்டும் என் பேச்சாகக் கேள்.

அந்தத் தூக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பாக்கியலக்ஷ்மி யாரென்று செல்வலட்சுமியும் அவ்வப்போது கேட்கிறாள்.

தம்பி,
முப்பிடாதி


மட்டாஞ்சேரி
16-8-2024

முப்பிடாதிக்கு,

கஞ்சி இறங்குவது கேட்டுச் சந்தோஷம் என்று எழுதவில்லை, கேட்டுக்கொண்டேன் என்று எழுதுகிறேன். உப்பு குறைத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்.

நீ சொன்னபடி எண்ணெய் மூடியைத் திறந்து காதை வைத்தேன். யூசுப் சுற்றினான். இத்தனை வருஷம் பானெட்டுக்கு வெளியே நின்று கேட்டது, இப்போது காதுக்குள்ளேயே வந்தது. சூடாகக்கூட இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அவன் சுற்றுவதை நிறுத்தினான். நான் "இன்னொரு தடவை" என்றேன். சுற்றினான். "இன்னொரு தடவை" என்றேன். "அம்மே, என் கை போயி" என்று கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டான். சரி, மூடிவிடு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இடிக்கிற நாள் ஞாபகம் வந்தது. பிறகு, அவள் எத்தனை வருஷம் இதையே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள் என்றும் ஞாபகம் வந்தது. திற என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீ பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

யூசுப் நாலு பிஸ்டனையும் வெளியே எடுத்துச் சாக்கில் வரிசையாக வைத்தான். ஒவ்வொரு ரிங்கையும் கழற்றினான். கழற்றும்போது என்னைக் கூப்பிட்டு, "அம்மே, இங்க நோக்கிக்கே" என்று காட்டினான். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று ரிங்கில் ஒரு எழுத்துக் குத்தியிருக்கிறது. அந்த எழுத்து மேலேதான் இருந்தது. நாலிலும். ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. "உங்கட ஆங்ஙள செய்தது நல்ல வேலை, ஒரு குற்றம் பறைய இல்ல" என்று உன்னைப் புகழ்ந்தான்.

ரிங் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தகடு மாதிரித் தேய்ந்திருந்தது. சிலிண்டர் சுவரெல்லாம் மேலிருந்து கீழே பூனை பிறாண்டிய மாதிரிக் கோடு. மூன்று மாதத்தில் புது ரிங் இப்படித் தேயாது, மண்ணைத் தின்றால்தான் இப்படி ஆகும் என்கிறான்.

நீ ஏன் பொய் சொன்னாய்? செய்யாத தப்பைச் செய்தேன் என்று ஏன் என் வாசலில் வந்து நின்றாய்? நான் மண்ணை வாரித் தூற்றியபோது தலையில் விழுந்ததைத் தட்டிக்கூட விடாமல் நின்றாயே, ஏன்?

சீனியம்மாள்

தாத்தா, நான் விஜி. என் தமிழ் ஷரியாக இருக்காது, க்ஷமிக்கணும். ஆச்சி ஷெட்டில் போய் வண்டியின் பின் கதவின் அருகில் நின்று சம்சாரிக்கும். "ஆகட்டும்டீ, கொஞ்சம் பொறு" என்று பறையும். எனக்குப் பேடியாக, பயமாக இருக்கு, சில நேரம் எனக்கும் உள்ளே யாரோ இருக்கிற மாதிரி. அந்த வண்டியில் அல்லே நான் பிறந்தது. வண்டி ஓடினால் ஆச்சிக்கு நிம்மதி வருமோ? நீங்கள் ஆச்சிக்கு மறுபடி எழுதணும்.


மட்டாஞ்சேரி
30-8-2024

முப்பிடாதிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் ஷெட்டுக்குப் போனேன். பட்டறையிலிருந்து எஞ்சின் வந்துவிட்டது. யூசுப் புது ஏர் பில்டர் வாங்கிக்கொண்டு வந்தான். பழையதைக் கம்பியோடு கழற்றி என் கையில் கொடுத்து, "காயலில் போட்டுக்கோ" என்றான். திறக்காதே என்று நீ எழுதியதால்தான் திறந்தேன். எழுதாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

செம்புக் கம்பியைப் பிரிக்கக் குறடு வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கமாக முறுக்கியிருந்தாய்.

மூடியைத் தூக்கினேன். அடியில் பழைய எண்ணெய் வற்றிக் கட்டியாகி இருந்தது, சாம்பல் நிறத்தில். யூசுப் விரலால் சுரண்டிப் பார்த்து, "சிமெண்ட் போலே உண்டு" என்றான். நான் கொஞ்சம் எடுத்து நசுக்கி மூக்கில் வைத்தேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை. வெள்ளிக்கிழமை கைப்பிடி போடும்போதெல்லாம் ஷெட்டில் வரும், எங்கிருந்து என்று தேடுவேன், அந்த வாசனை. திருநீறு.

எனக்கு மறதி கிடையாது என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்து யோசித்தேன்.

கற்பகத்துக்கு ஏழு வயதில் இழுப்பு வந்ததே. மூச்சு வாங்கும்போது நெற்றியில் திருநீறு வைத்து, ஒரு சிட்டிகை வாயிலும் போடுவேன். அந்தச் சமயம் ஒருநாள் வண்டி இருமி இருமி நின்றது. உன் அத்தான் பானெட்டைத் திறந்து, அந்த ஏர் பில்டரைத் தட்டி, "பாப்பா, இது வண்டியோட மூக்கு. இது வழியாத்தான் மூச்சு விடும். உன்ன மாதிரியே வண்டிக்கும் இழுப்பு" என்று விளையாட்டாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஓடிப்போய்த் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் தூக்கிக்கொண்டு, அந்த மூடியை எப்படித் திருகித் திறப்பது என்று காட்டிக்கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நானும் சிரித்தேன்.

பிறகு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சித்திரையில் நீ எஞ்சினைப் பூட்டிவிட்டுப் போனாய். ஆனியிலும் ஆடியிலும் வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஷெட்டுப் பக்கமிருந்து வருவாள், வலது கை விரலெல்லாம் வெள்ளையாக. கோலம் போட்டுவிட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் "என்னடி அங்க?" என்று கேட்டேன். "வண்டிகிட்டச் சொல்லிவெச்சேம்மா, என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்திரணும்னு" என்றாள்.

யூசுப்பிடம் கேட்டேன், இந்த மாதிரிப் பொடி உள்ளே போனால் என்ன ஆகும் என்று. "எண்ணெயோடு கலந்தால் அரைக்கிற பசை தன்னே அம்மே. புது ரிங் ஆனால் வேகம் தின்னும்" என்றான். "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான். பாலம் கட்டிய காலத்துச் சிமெண்டாக இருக்கும் என்று சொன்னேன். விஜியும் பக்கத்தில் நின்றாள். அவளிடமும் அதையே சொன்னேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதினாறாம் நாள் பகல் முழுக்க ஷெட்டைச் சாத்திக்கொண்டு எஞ்சினைப் பிரித்துப் பூட்டினாயே. அதற்குப் பிறகுதானே வெளியே வந்து ரிங்கைத் தலைகீழாகப் போட்டேன் என்றாய். அன்றைக்கு நீ இதைப் பார்த்தாயா?

சீனியம்மாள்


சிவகிரி
11-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். விஜியின் தமிழ் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லவும்.

நீ கேட்டதற்கு: அறுவைக்குப் பிறகு எனக்குப் பழையதெல்லாம் மங்கிவிட்டது. ஷெட்டில் என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று ஒன்றும் நினைவில் இல்லை. நீ பார்த்தது சிமெண்டாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் தோப்பும்படிப் பக்கம் சாலையெல்லாம் ஒரே தூசி. யூசுப்பிடம் நீ சொன்னதே சரி. விஜியிடம் சொன்னதும் சரி.

அத்தான் ரொம்ப இளகிய மனசுக்காரர். அன்றைக்கு அவர் இருந்த இருப்பில் ஒரு சொல் கூடுதலாகக் கேட்டிருந்தாலும் தாங்கியிருக்க மாட்டார். நீ எதையும் தாங்குவாய் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால்தான் நீ எழுந்து நடப்பாய். அது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது.

வண்டியை முதலில் எடுக்கும்போது விரட்ட வேண்டாம் என்று யூசுப்பிடம் சொல். புது ரிங்கும் புதுச் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பழகி உட்கார வேண்டும். சும்மா நிறுத்தி வைத்து ஓட விடவும் கூடாது. மெல்ல, ஆனால் இழுவையோடு போக வேண்டும். பாலத்து ஏற்றம் அதற்கு நல்லதுதான். பயப்படாமல் ஏறச் சொல்.

என்னால் வர முடியவில்லை. வண்டி கிளம்பும்போது நான் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்.

தம்பி,
முப்பிடாதி


மட்டாஞ்சேரி
22-9-2024

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ நலமா? இதற்குப் பதில் எழுது. கஞ்சி மட்டும்தானா, இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் இறங்குமா? செல்வலட்சுமி முழங்காலுக்கு விஜி ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்.

புதன்கிழமை எல்லாம் பூட்டி முடிந்தது. யூசுப் கைப்பிடியை என்னிடம் கொடுத்து, "அம்மே முதலில் ஒண்ணு சுற்றிக்கே" என்றான். அரைச் சுற்றுக்குமேல் போகவில்லை. கைப்பிடி எதிர்த்து நின்றது. தள்ளினேன், திருப்பித் தள்ளியது. பிறகு எண்ணெய் மூடியைத் திறந்து, அவனைச் சுற்றச் சொல்லிக் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை. நீ முன்கூட்டியே எழுதியிருந்தாய், அப்படியும் கொஞ்ச நேரம் காதை எடுக்க முடியவில்லை. யூசுப் பீடி பற்ற வைக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். யூசுப் ஓட்டினான். விஜி லீவு போட்டிருந்தாள். கிளம்பும் முன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிக்கொண்டு வந்து, பானெட் திறந்திருந்ததால் நேரே உள்ளே கையை நீட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, "ஆச்சி, வலிக்குது" என்றாள்.

"நெத்தியில வை. கண்ணாடிக்கு மேல. மூக்குப் பக்கம் கையைக் கொண்டுபோகாத."

"வண்டிக்கு ஏது ஆச்சி மூக்கு?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவைத்தேன்.

பின் சீட்டில் நான் ஒரு ஓரம். விஜி உட்கார வந்தபோது, "நீ முன்னால உட்காரு" என்றேன். அவள் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முன்னால் போய் உட்கார்ந்தாள். தோப்பும்படி வந்தது. பாலத்து ஏற்றம் வந்தது. யூசுப் கியரை மாற்றினான். வண்டி முனகியது. நான் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டேன். தம்பி, சீட்டு சூடாக இருந்தது. வெயில் என்று நீ சொல்வாய். வெயில் இல்லை, மேகம் மூடியிருந்தது.

உச்சிக்கு வந்தபோது எனக்குக் கேட்டது. எவ்வளவு தூரம்மா என்ற அதே கேள்வி. இந்தத் தடவை எனக்குப் பதில் தெரியும். "வந்தாச்சு, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். விஜி திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி இப்போது அடையாளம் தெரியவில்லை. வாசலில் நிற்கவிடாமல் காவல்காரன் ஓடிவந்தான். "பேஷண்ட் எவிடெ?" என்று கேட்டான். "இறங்குறா, ஒரு நிமிஷம்" என்றேன். பின் கதவைத் திறந்தேன். "இறங்குடி, பார்த்து இறங்கு" என்றேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. காவல்காரன் சீட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, என்ன நினைத்தானோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றான். யூசுப் மட்டும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவன், "பின்பக்கம் கொஞ்சம் மேலே பொங்கின மாதிரி, ஒராள் இறங்கின மாதிரி" என்றான். அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் சொன்னான்.

கதவைச் சாத்தினேன். திரும்பி வரும்போது விஜியை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஷெட்டில் வாசனையும் இல்லை. நாளைக்கு யூசுப் வண்டியைச் சுள்ளிக்கல்லுக்குக் கொண்டுபோகிறான், கல்யாண ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். ரமேஷ்பாபு ஷெட்டை இடித்துக்கொள்ளட்டும்.

உனக்குப் பழையதெல்லாம் மறந்துவிட்டது என்று எழுதியிருந்ததை வாசித்தேன். மூன்றாவது பிளக்கின் மரையும் குட்டைப் போல்ட்டும் நினைவிருந்த உனக்கு அது மட்டும் மறந்துபோயிற்று. நல்லது. எனக்கும் மறந்துவிட்டது. இந்த வயதில் எனக்கு மறந்தது இது ஒன்றுதான்.

பழைய ஏர் பில்டரைக் காயலில் போடவில்லை. கம்பியை முன்போலவே முறுக்கிச் சாமி அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறேன். முறுக்குவதற்கு என் கையில் பலம் போதவில்லை, லேசாகத்தான் இருக்கிறது. நீ வந்து இறுக்கு.

ஐப்பசியில் உடம்பு தேறினால் செல்வலட்சுமியையும் கூட்டிக்கொண்டு வா. பேச முடியாது என்று யோசிக்காதே. பேசுவதற்கு நான் இருக்கிறேன், இருபத்திரண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது. வரும்போது அந்தப் பாக்கியலக்ஷ்மி தூக்கை எடுத்துக்கொண்டு வா. பால் வாங்க இங்கே நல்ல தூக்கு இல்லை.

உன் அக்கா,
சீனியம்மாள்